கல்லூரி குவிஸுக்கு சினிமா, பாட்டு, சீரிஸ் கேள்விகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கல்லூரி விழா என்றால் குவிஸ் இருக்கும், குவிஸ் என்றால் சினிமா ரவுண்டும் இருக்கும். கேள்வி எடுக்கிற பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது எதிரே உட்காரப்போகும் பிள்ளைகளின் வயது. இன்றைக்கு டிகிரி படிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள், 1992-ல் வந்த 'ரோஜா' அவர்களுக்கு அப்பா அம்மா காலத்துப் படம். அதற்காகப் பழையதைத் தொடவே கூடாது என்று இல்லை. பழையதைக் கேட்டால் அவர்கள் பிடித்து ஏற ஒரு நூல் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும்.

எப்படி என்று பார்ப்போம். "2023-ல் ஆஸ்கர் வாங்கிய இந்திய இசையமைப்பாளர் யார்?" என்று கேட்டால், தெரிந்தவர் எழுதுவார், தெரியாதவர் பேனாவை மூடிவிடுவார், யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. அதையே இப்படி மாற்றுங்கள்: "1991-ல் வந்த 'அழகன்' படத்தின் டைட்டிலில் இசை என்று இவர் பெயர் மரகதமணி. பல வருடம் கழித்து ஒரு விருது மேடையில், தான் கேட்டு வளர்ந்த கார்பென்டர்ஸ் குழுவின் பாட்டு மெட்டிலேயே நன்றி சொன்னார். எந்தப் பாட்டுக்காகக் கிடைத்த விருது?" இப்போது மரகதமணிதான் கீரவாணி என்று தெரிந்த பழைய பாட்டு ரசிகரும் வரலாம், ஆஸ்கர் வீடியோவை ரீல்ஸில் பார்த்த முதலாமாண்டு மாணவியும் வரலாம், இரண்டு பேரும் ஒரே டீமில் இருந்தால் காதோடு காது பேசி 'நாட்டு நாட்டு' என்று வந்து சேர்வார்கள். அந்தப் பேச்சு நடக்கிற கேள்விதான் நல்ல கேள்வி என்பது என் உறுதியான கருத்து.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1956 நவம்பர் 1-ல்தான் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளப் படம் இன்றைக்கும் வீட்டுப் படம் மாதிரி, தோவாளை பக்கத்துப் பிள்ளைகளுக்கோ திருநெல்வேலியில் இருந்து பஸ் ஏறி வரும் டீமுக்கோ அப்படி இருக்காது. அதனால் மலையாளத்தை மட்டுமே நம்பிய கேள்வி ஒரு பக்கத்துக்குச் சலுகையாகப் போய்விடும். இரண்டு பக்கமும் தொடுகிற மாதிரி எடுங்கள்: "கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் டெவில்ஸ் கிச்சன் என்று சொன்ன இடம், 1991 தமிழ்ப் படம் ஒன்றால் வேறு பெயர் பெற்றது, 2024-ல் வந்த மலையாளப் படத்தின் கதையும் அங்கேதான் நடக்கிறது. இப்போதைய பெயர் என்ன?" குணா குகைக்கு 'குணா' வழியாகவும் போகலாம், 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வழியாகவும் போகலாம்.

உள்ளூர்க் கேள்வி ஒன்றிரண்டு வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் இருக்கிறார், நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 2002-ல் 'சொல்ல மறந்த கதை' என்று படமானது இருக்கிறது. ஆனால் "முட்டத்தில் எடுத்த படம் எது?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட படம் எடுத்திருக்கிறார்கள், எல்லாரும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள்.

ரஜினியின் இயற்பெயர், விஜய் ஹீரோவான முதல் படம் எல்லாம் அரைத்து அரைத்து சக்கையாகிவிட்டன, விட்டுவிடுங்கள். "முதல்" என்று ஆரம்பிக்கிற கேள்விகளிடம் கூடுதல் கவனம் தேவை. 1931-ல் வந்த 'காளிதாஸ்' முதல் தமிழ் பேசும்படம் என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கும், ஆனால் அதில் தெலுங்கும் உண்டு என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால் அந்த இடத்திலேயே ரவுண்டு நின்றுவிடும். "1931-ல் வந்த, டி.பி.ராஜலக்ஷ்மி நடித்த, தமிழும் தெலுங்கும் கலந்த படம்" என்று கேட்டால் யாரும் மறுக்க முடியாது. அதே மாதிரி எந்தெந்த பதிலைச் சரி என்று எடுப்பீர்கள் என்பதையும் முன்னமே எழுதி வையுங்கள்.

சீரிஸ், அனிமே, கே-பாப் கேள்விகளும் கண்டிப்பாக வேண்டும், ஹாஸ்டலில் பாதிப் பேர் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் எந்த எபிசோடில் யார் செத்தார் என்கிற அளவுக்கு இறங்காதீர்கள். 'ஸ்க்விட் கேம்' முதல் சீசனில் 456 பேர் ஆடினார்கள், ஒரு உயிருக்கு 10 கோடி வோன், அப்படியென்றால் மொத்தப் பரிசு எவ்வளவு என்று கேட்டால் சீரிஸ் பார்க்காதவரும் கணக்குப் போட்டு 4,560 கோடி வோன் என்று சொல்லிவிடுவார். நடிகர் நடிகைகளின் கல்யாணம், விவாகரத்து, ரசிகர் சண்டை எதுவும் வேண்டாம், அரங்கம் கத்தி அடங்கவே நேரம் போய்விடும், அதைவிட முக்கியம், அது அவர்கள் சொந்த விஷயம்.

எடுத்த கேள்விகளை குவிஸில் ஆடாத இரண்டு நண்பர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடிக்கும் முன்பே பதில் வந்தால் அது ப்ரிலிம்ஸுக்கு. யோசித்து, தப்பாகச் சொல்லி, சரியான பதிலைக் கேட்டதும் "அட, ஆமால்ல!" என்றால் ஃபைனல்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிலைக் கேட்ட பிறகும் "அப்படியா" என்று சும்மா இருந்தால், எவ்வளவு தேடி எடுத்ததாக இருந்தாலும் தூக்கிவிடுங்கள்.

ஆடியோ கேள்வி என்றால் பாட்டு வரியைத் தவிர்த்து நடுவில் வரும் இசையை மட்டும் பத்துப் பதினைந்து விநாடி வெட்டி வையுங்கள், முந்தின நாளே அந்த ஹாலில் ஃபேன் எல்லாம் ஓடும்போது போட்டுப் பார்த்து, பின்வரிசையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.