பிள்ளைகள் அடித்துக்கொண்டால் வகுப்பாசிரியர் என்ன செய்யலாம்?

முதலில் இருவரையும் பிரித்து நிறுத்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். வேடிக்கை பார்க்க ஆள் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் இறங்கிவராது. தண்ணீர் கொடுத்து, மூச்சு சீரான பிறகுதான் பேச்சு.

"ஏன் அடித்தாய்?" என்று நான் கேட்பதே இல்லை. அதற்குச் சாக்குதான் பதிலாக வரும். "என்ன நடந்தது? அப்போது உனக்கு எப்படி இருந்தது? இப்போ எதைச் சரிசெய்யணும்?" இந்தக் கேள்விகள் போதும். ஒருவன் பேசி முடித்ததும், கேட்டதை மற்றவன் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "இல்ல, நான் அப்படிச் சொல்லல" என்று இவன் திருத்துவான். பாதிச் சண்டை அங்கேயே கரைவதைப் பார்த்திருக்கிறேன். கட்டாயப்படுத்தி மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். கிழித்த நோட்டை ஒட்டிக்கொடுப்பதா, வேறு எதுவா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

ஆனால் பலமுள்ள பிள்ளை, எதிர்க்க முடியாத பிள்ளையைத் திரும்பத் திரும்ப வதைத்தால் அது சண்டையல்ல, கொடுமை. நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ் வலியுறுத்திய வித்தியாசம் இது. அங்கே எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் பேசவே கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு உடனே பாதுகாப்பு, இரு வீட்டுப் பெற்றோருக்கும் தகவல். அப்புறம் கழிப்பறைப் பக்கமும் மாடிப்படியிலும் இடைவேளையில் ஒரு பெரியவர் நிற்க ஏற்பாடு செய்யுங்கள்.