கல்லூரி ஹாக்கியை வேலைவரை கொண்டுசெல்வது எப்படி: இராமநாதபுரம் கடற்கரை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் மாவட்ட அணிவரை ஆடிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஹாக்கி மட்டையைப் பரணில் போட்டுவிட்ட பலரை எங்கள் கடற்கரையில் எனக்குத் தெரியும். அவர்களுள் சிலர் என்னைவிட நன்றாக ஆடியவர்கள். ஆட்டத்தை வேலைவரை கொண்டுசெல்ல நினைக்கும் மாணவர் முதலாம் ஆண்டிலேயே ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். கல்லூரிச் சட்டையில் எத்தனை கோல் அடித்தாலும், மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் செல்லுபடியாவது பல்கலைக்கழகச் சட்டைதான்.

அந்த ஒதுக்கீட்டில் சான்றிதழ்கள் படிவ எண்ணால் அறியப்படுகின்றன. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3. தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவருக்குப் படிவம் 4. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி இவற்றில் எதிலும் வராது. ஆனால் அந்தப் போட்டியில்தான் பல்கலைக்கழக அணிக்கான தேர்வாளர்கள் ஆட்டக்காரர்களைப் பார்க்கிறார்கள். நம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் இணைவில் இருப்பவை. ஆகவே இங்கே படிப்பவர் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டிக்குப் போக வேண்டுமானால் காரைக்குடித் தேர்வில் தேற வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், அங்கே ஹாக்கி அணி இருக்கிறதா, சென்ற ஆண்டு எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குப் போனார்கள் என்று உடற்கல்வி இயக்குநரிடம் நேரிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மைதானம். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து பெரிய ஹாக்கிப் போட்டிகள் செயற்கைப் புல்தரைக்கு மாறிவிட்டன; நாமோ செம்மண்ணும் மணலும் கலந்த தரையில் பழகியவர்கள். மண் தரையில் பந்து குதித்து வரும் என்பதால் நாம் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, நிமிர்ந்து நின்று நிறுத்துவோம். தண்ணீர் தெளித்த புல்தரையில் பந்து தரையோடு ஒட்டிச் சீறி வரும். முழங்காலை மடக்கி, இடக்கை தரையை உரசுமளவுக்குக் குனிந்து, மட்டையை ஏறக்குறையப் படுக்கவைத்தால்தான் நிறுத்த முடியும். முதன்முதலாக அத்தரையில் ஆடிய அன்று, என்னிடம் வந்த முதல் மூன்று பந்துகளும் மட்டைக்கு அடியில் புகுந்து போய்விட்டன. நான்காவது பந்துக்குப் பயிற்சியாளர் என்னை வெளியே அழைத்துவிட்டார். ஆகவே தேர்வுக்கு ஒரு மாதம் முன்பாவது, 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்த மதுரையிலோ, கோவில்பட்டியிலோ அனுமதி பெற்றுச் சில நாள்கள் ஆடிப் பழகுங்கள். கால் வலுவுக்கு ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. அதிகாலையில் அலை தொட்ட ஈரமணலில் ஓடினால் போதும்.

செலவைத் திட்டமிடும்போது கடலையும் கணக்கில் கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகை நம்பிய வீட்டில் கையில் காசு இருக்காது. கோடைப் பயிற்சி முகாம்களும் பெரும்பாலும் அதே நாள்களில்தான் வரும். மட்டை, ஷூ, முன்னங்கால் காப்பு (ஷின் கார்டு) ஆகியவற்றைத் தடைக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. போட்டிக்குப் போகும் நாள்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை முன்கூட்டியே துறைத்தலைவரிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வருகைப்பதிவு குறைந்து, தேர்வெழுத முடியாமல் போகலாம்.

சான்றிதழை வாங்கிய இடத்திலேயே நின்று, பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, போட்டி நடந்த நாள் ஆகியவற்றை மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் படிவம் 3இல் ஓர் அலுவலகம் தலைப்பெழுத்தை மாற்றி அச்சிட்டுவிட்டது. அதைத் திருத்தப் போனபோது கையொப்பமிட்டவர் மாறுதலாகிப் போயிருந்தார். பதினோரு மாதம் அலைந்தேன், அதற்குள் ஒரு வேலை அறிவிக்கை வந்து போய்விட்டது. லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரையிட நேரலாம். உப்புக்காற்றில் காகிதம் பூத்துப்போகும் என்பதால் நெகிழி உறையில் வைத்துத் தகரப்பெட்டியில் பூட்டுவதே எங்கள் வீட்டு வழக்கம். ஹாக்கி இந்தியாவின் இணையப் பதிவையும் காலத்தோடு முடித்துவிடுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஐஸ் ஹாக்கி ஆடுபவரை, அங்குள்ள தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் அணி ஒன்று பதினெட்டு வயதிலேயே தேர்ந்தெடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை காத்திருப்பதுண்டு. (நம் கரையில் ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குத்தான்.) இங்கே யாரும் காத்திருப்பதில்லை. தெற்கு ரயில்வே, சென்னை ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, தமிழ்நாடு காவல்துறை போன்றவை ஹாக்கி அணிகளை வைத்திருந்தாலும், ஆள் எடுக்கும் அறிவிக்கையை நாமே தேடிப் பார்க்க வேண்டும். ரயில்வேயின் பொது அறிவிக்கையில் வயது வழக்கமாக 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. எனவே இளங்கலை இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். மாநில அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு தனியாக உண்டு. அணியில் இடம் கிடைக்காதவர் பி.பி.எட். முடித்து உடற்கல்வி ஆசிரியராகலாம்; பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம் பெற்றுப் பயிற்சியாளராகலாம்.

தேர்வுக்குக் கிளம்பும் முந்தைய இரவே மூலச் சான்றிதழ்கள், இரண்டு நகல் தொகுப்புகள், இரண்டு மட்டைகள், பல் காப்பு ஆகியவற்றைப் பையில் வைத்துவிடுங்கள். ஒரு மட்டை ஆட்டத்தின் நடுவே உடைந்தால் அடுத்தவரிடம் இரவல் கேட்டு நிற்கக் கூடாது.