நிலக்கரியோடு உயிர்மப் பொருளும் எரித்த சாம்பலைக் கட்டுமானத்தில் பயன்படுத்தும் முறை

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் உள்ள தெம்புசு பல்பயன் நிலையம் நிலக்கரியோடு செம்பனைக் கொட்டை ஓடு, மரச்சீவல் ஆகிய உயிர்மப் பொருள்களையும் சேர்த்து எரித்துத் தீவின் ஆலைகளுக்கு நீராவி வழங்குகிறது. அதன் முதல் கட்டம் 2013ல் திறக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களின் சாம்பலைப் பயன்படுத்த வழி காணாவிட்டால் அதைப் புதைக்க இடம் தேட வேண்டும். சிங்கப்பூரிலோ 1999ல் தொடங்கிய செமாக்காவ் நிரப்புநிலம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. எனவே கான்கிரீட் கலவை நிலையங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் தரக் கட்டுப்பாட்டைப் பார்ப்பவர்களிடம் இச்சாம்பலைச் சேர்க்கலாமா என்ற கேள்வி வருவது இயல்பே. சேர்க்கலாம், ஆனால் எந்தச் சாம்பல், எதற்கு என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

முதற்கேள்வி எரிபொருளைப் பற்றியதன்று, உலையைப் பற்றியது. மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களின் ஃபிளை ஆஷை, அதாவது புகையோடு பறந்து வரும் நுண்சாம்பலை, கையாண்டு பழகி இங்கு வந்த பொறியாளர்கள் பலர் எல்லாச் சாம்பலும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கு நிலக்கரியை மாவாக அரைத்து, 1,300 பாகை செல்சியசுக்கு மேல் எரிப்பதால், சாம்பல் உருகிப் புகையோடு மேலே செல்லும்போதே கண்ணாடித் தன்மையுள்ள நுண்ணுருண்டைகளாக இறுகிவிடுகிறது. கான்கிரீட் எளிதாகப் பாய்வதும், பின்னாளில் வலு கூடுவதும் அந்த உருண்டைகளால்தான். எரிபொருளைச் சூடான மணல் போன்ற துகள்களோடு காற்றில் மிதக்கவிட்டு எரிக்கும் சுழற்சிப் பாய்மப் படுகை உலையில் வெப்பநிலை ஏறத்தாழ 850 பாகை மட்டுமே. அங்கு சாம்பல் உருகுவதில்லை. துகள்கள் கரடுமுரடாக இருந்து தண்ணீரை அதிகம் குடிக்கும். கந்தகத்தைப் பிடிக்க அதே படுகையில் சுண்ணாம்புக்கல் இட்டால், எரிந்த சுண்ணாம்பும் கால்சியம் சல்ஃபேட்டும் சாம்பலில் தங்கிவிடும். தெம்புசு நிலையத்தின் உலைகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கான்கிரீட்டுக்கான ஃபிளை ஆஷை வரையறுக்கும் ஈஎன் 450-1 என்னும் ஐரோப்பியத் தரநிலை அரைத்த நிலக்கரி உலைச் சாம்பலை மட்டுமே ஏற்கிறது என்பதால், படுகை உலைச் சாம்பலை அந்தப் பெயரில் கலவைப் பட்டியலில் எழுதக் கூடாது.

அரைத்த நிலக்கரி உலையிலிருந்து வந்ததாகவே இருந்தாலும் உயிர்மப் பொருளின் பங்கைக் கேட்டறிய வேண்டும். அத்தரநிலையின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, எரிபொருளின் உலர் எடையில் நிலக்கரி குறைந்தது 60 விழுக்காடாகவும், பச்சை மரம் (பூச்சும் மருந்தும் படாத மரம்) மட்டுமே சேர்க்கப்பட்டால் குறைந்தது 50 விழுக்காடாகவும் இருக்க வேண்டும். சேர்க்கப்பட்ட பொருளிலிருந்து வரும் சாம்பல் மொத்தச் சாம்பலில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மரத்தையும் தாவரக் கழிவையும் எரித்தால் பொட்டாசியம், குளோரைடு, பாஸ்பேட் ஆகியவை கூடுகின்றன என்பதே இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம். குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும், பாஸ்பேட் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும், கார உப்புகள் சிலவகை ஜல்லியோடு வினைபுரிந்து கான்கிரீட்டில் உள்ளிருந்தே விரிசல் விழச் செய்யும். ஆகவே குளோரைடு 0.10, மொத்தக் கார உப்புகள் 5, சல்ஃபேட் 3 விழுக்காட்டுக்குள் இருப்பதாக ஆய்வறிக்கை காட்ட வேண்டும். எரியாத சுண்ணாம்பன்று, வேறெதோடும் சேராமல் தனித்து நிற்கும் எரிந்த சுண்ணாம்பே 1.5 விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால், இறுகிய சிமெண்ட் பசை எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் லெ ஷாட்டலியே சோதனையில் விரிவு 10 மில்லிமீட்டருக்குள் இருந்தாக வேண்டும்.

அறிக்கை வந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு லாரிச் சாம்பலையும் தளத்திலேயே பார்ப்பது நல்லது. ஒரு சிட்டிகை சாம்பலை வெள்ளைத்தாளில் பரப்பி முந்தைய சாம்பலின் பக்கத்தில் வைத்தால், கருமை கூடியிருப்பது உடனே தெரியும். கருமை என்பது பெரும்பாலும் எரியாத கரி. அது நீர்க்குறைப்பு இரசாயனத்தை உறிஞ்சிக்கொள்வதால் கலவை வழக்கத்தைவிட விறைப்பாக வரும். அடுத்து, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் சாம்பலோடு சிறிது சிமெண்டும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, சில நிமிடங்கள் கழித்துத் திறந்து, முகத்தை அருகில் கொண்டுபோகாமல் கையால் விசிறி முகர வேண்டும். அமோனியா நெடி வந்தால், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க உலையில் இட்ட இரசாயனம் சாம்பலில் தங்கியிருக்கிறது என்று பொருள். அச்சாம்பல் கலந்த கான்கிரீட்டை அடித்தளத் தொட்டி, நிலவறை போன்ற காற்றோட்டமில்லாத இடங்களில் ஊற்றினால் வேலையாட்கள் மூச்சுத்திணறுவார்கள்.

வலுவைச் சோதிப்பதற்கு 337.5 கிராம் சிமெண்ட், 112.5 கிராம் சாம்பல், 1,350 கிராம் தரமணல், 225 கிராம் தண்ணீர் கொண்டு சாந்துப் பட்டகங்கள் வார்த்து, 450 கிராம் சிமெண்ட் மட்டும் இட்ட பட்டகங்களோடு ஒப்பிட வேண்டும். 28ஆம் நாளில் 75 விழுக்காடும் 90ஆம் நாளில் 85 விழுக்காடும் வலு எட்டினால் சாம்பல் தேறிவிட்டது. ஒப்பந்ததாரர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக 7ஆம் நாள் முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சாம்பலுக்கும் நியாயமன்று, கட்டடத்துக்கும் நியாயமன்று. தேறிய சாம்பல் தடித்த அடித்தளப் பலகைகளுக்கே மிகவும் ஏற்றது. நம் வெப்பத்தில் அவற்றின் உட்பகுதி 70 பாகையைத் தாண்டாமல் காப்பதற்கு அது துணை செய்யும்.

படுகை உலைச் சாம்பலுக்கு வேறு வழிகள் உண்டு. களிமண் நிலத்தை இறுக்குதல், குழாய்ப் பள்ளங்களை நிரப்பும் வலுக்குறைந்த கலவை, கம்பியில்லாத கட்டிகள் ஆகியவற்றில் அதைச் சோதித்துப் பார்க்கலாம். பயன்படுத்தும் முன் அதை நனைத்து ஆறவிட வேண்டும். தண்ணீரில்தான் சாம்பலைச் சிறிது சிறிதாக இட வேண்டுமே தவிர, குவித்த சாம்பலின்மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. எரிந்த சுண்ணாம்பு இருந்தால் கொதித்துத் தெறிக்கும். வார்த்த மாதிரிக் கட்டிகளைப் பல வாரங்கள் தண்ணீரில் ஊறவைத்து, ஓரங்களில் மயிர்க்கோடாக விரிசல் விழுகிறதா என்று பார்த்த பிறகே பெரிய அளவில் வார்க்க வேண்டும். மண்ணோடு தொடர்புள்ள எந்தப் பயன்பாட்டுக்கும் ஆர்சனிக், குரோமியம், செலினியம் போன்றவை நீரில் கசியும் அளவைச் சோதித்து, தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஊரில் அடுப்புச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் தூவி வளர்ந்தவர்கள் சமூகத் தோட்டத்துக்கும் ஒரு மூட்டை கேட்பதுண்டு. கரையோரப் பூந்தோட்டங்களில் தோட்டக் கழிவு மட்டும் எரிந்த சாம்பல் உரமாவது வேறு. நிலக்கரி கலந்த சாம்பலை உண்ணும் செடிக்கு இடக் கூடாது.

சாம்பலை மூடிய கொள்கலத்தில் வைத்து, டிசம்பர் மழையில் ஈரம் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையாளுவோர் என்95 முகக்கவசம் அணிய வேண்டும். ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு கிலோ மாதிரி எடுத்து, தேதியையும் அன்றைய எரிபொருள் விகிதத்தையும் எழுதி ஒட்டி, 90ஆம் நாள் முடிவு வரும்வரை வைத்திருக்க வேண்டும். கொட்டை ஓட்டின் பங்கு இடையில் மாறியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க அந்த மாதிரிதான் கைகொடுக்கும். விகிதத்தைத் தர மறுக்கும் விநியோகிப்பாளரின் சாம்பலைத் திருப்பி அனுப்பிவிடலாம்.