1965, 66 மஸ்டாங்: என்ஜின் அறை பெயின்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மீட்டெடுக்கிறீர்கள். பானெட்டைத் திறந்ததும் ஃபயர்வாலில் (என்ஜினையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் தகடு) முகம் தெரிகிறதா? அப்படியானால் வேலை தவறிவிட்டது. ஃபோர்டு மஸ்டாங்கின் வெளி நிறம் எதுவானாலும் ஃபயர்வால், இருபக்க ஏப்ரன் (என்ஜினின் பக்கவாட்டு உள்தகடு), ரேடியேட்டர் சப்போர்ட் (ரேடியேட்டரைத் தாங்கும் முன்தகடு) மூன்றும் அரை மினுக்குக் கறுப்பில்தான் வந்தன.

அந்த மினுக்குதான் சிரமமான விஷயம். மினுக்கைக் குறைக்கும் பொடி டப்பாவின் அடியில் படிந்திருக்கும். அடிவரை கிளறாமல் ஊற்றினால் முதல் கப் பளபளக்கும், கடைசிக் கப் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். ஈரமாக அடித்தால் மினுக்கு கூடும், தள்ளி நின்று அடித்தால் சொரசொரக்கும். தகரத் துண்டில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒப்பிடுங்கள். ரேடியேட்டர் சப்போர்ட்டில் உள்ள வோல்டேஜ் ரெகுலேட்டரைக் கழற்றினால், யாரும் மேலே பெயின்ட் அடிக்காத பழைய கறுப்பு அடியில் கிடைக்கலாம். அதைவிட நல்ல சாம்பிள் இல்லை. தூசி விழுந்தால் பாலிஷ் போடாதீர்கள், தேய்த்த இடம் மட்டும் மின்னும். அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைத்த ஸ்பாட் வெல்டு குழிகளைப் பட்டி வைத்து நிரவுவது, இணைப்புகளில் பூசிய சீலரை வழவழவென்று இழைப்பது இரண்டும் தொழிற்சாலையின் கைத்தடத்தை அழிப்பவை. ஓட்டுநர் பக்க ஏப்ரனின் மேல்விளிம்பில் வண்டி எண் குத்தியிருக்கும். அங்கே கிரைண்டர் படவே கூடாது. பவுடர் கோட்டிங்கும் தடித்த பிரைமரும் எழுத்தை மூடிவிடும். பெயின்ட் ரிமூவரால் பழையதைக் கரைத்து, எபாக்சி பிரைமரை மெல்லிசாக ஒரே கோட் கொடுத்தால் போதும்.

என்ஜின் நிறத்தில் ஆண்டு மாறிப்போவதும் சகஜம். ஃபோர்டு நீலம் வந்தது 1966-இல். 1965-இன் 289 (கன அங்குல அளவு) வி8-க்குக் கறுப்பு பிளாக், தங்க நிற வால்வ் கவர், ஏர் கிளீனர். 200 ஆறு சிலிண்டருக்கு அவை இரண்டும் சிவப்பு. கே குறியீட்டு, அதாவது கூடுதல் சக்தி கொண்ட 289-க்குக் குரோம்.

எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் வெறும் வார்ப்பிரும்பு. மெனிஃபோல்டில் அடித்த என்ஜின் பெயின்ட் சூட்டில் கருகி உரியும். ஃபயர்வாலில் பொருத்தியிருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கசியும் டாட் 3 பிரேக் திரவம் ஸ்ப்ரே கேன் கறுப்பை உரித்துவிடும். அதனால் ஃபயர்வாலுக்கு ஹார்ட்னர் கலக்கும் பெயின்ட்தான் வேண்டும். அதில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருப்பதால் துணி மாஸ்க் உதவாது, வெளிக்காற்று தரும் மாஸ்க் போடுங்கள்.

பெயின்ட் அடிக்குமுன், என்ஜினையும் பாடியையும் மின்சாரத்துக்காக இணைக்கும் எர்த் ஸ்ட்ராப் போல்ட் உட்காரும் இடத்துக்கு டேப் ஒட்டுங்கள். அங்கே பெயின்ட் ஏறினால் மீட்டர்கள் தப்பாகக் காட்டும், லைட் மங்கும்.