புதிய பார்பிக்யூ மசாலாவுக்கு முதலில் இரண்டே துண்டுகள்

விருந்தினருக்காகப் புதிய பார்பிக்யூ மசாலாவைத் தயாரிக்கும்போது, கோழி முழுவதிலும் அதைத் தடவுவதற்கு முன், எலும்பில்லாத இரண்டு துண்டுகளில் மட்டும் தடவி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்கு காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் சுட்டுச் சுவைத்துப் பாருங்கள். பச்சை இறைச்சி பட்ட மசாலாவை நாவில் வைத்துப் பார்ப்பது பாதுகாப்பானதல்ல; உப்பும் காரமும் இறைச்சியில் எப்படி நிற்கின்றன என்பதும் வெந்த பிறகே தெரியும். தேனோ வெல்லமோ மிகுந்திருந்தால், உள்ளே வேகும் முன்பே மேற்புறம் கருகுவதைக் கல்லே காட்டிக்கொடுத்துவிடும். மீதி மசாலாவைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் முழுக் கோழிக்கும் எலும்புள்ள தொடைக்கும் இந்தச் சோதனை போதாது. உட்பகுதி பாதுகாப்பாக வெந்ததற்கான 74 டிகிரி செல்சியஸை எட்ட ஆகும் நேரத்தையோ கரிப்புகையின் மணத்தையோ தோசைக்கல் சொல்லாது என்பதால், அவற்றைக் கரியடுப்பிலேயே ஒருமுறை சுட்டுப் பார்க்க வேண்டும்.