ஃபைபர் பாடி கார்: பிரேக் மிதித்தால் பார்க்கிங் லைட் எரிகிறதா? எர்த்தைப் பாருங்கள்

பிரேக் மிதித்தால் பார்க்கிங் லைட் மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் கூடவே கண் சிமிட்டுகிறது. மழை பெய்தால் ஹாரன் முனகுகிறது. ஃபைபர் பாடி போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. என்னுடையது சான் ஸ்டார்ம். 1990களின் கடைசியில் கோவாவில் தயாராகத் தொடங்கிய இரண்டு சீட் வண்டி, உள்ளே ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினால் "ஏனுங்க, இது என்ன வண்டிங்க?" என்று நாலு பேர் கூடுவார்கள். பாகம் கேட்டுக் கடைக்குப் போனாலும் அதே கேள்விதான்.

இந்தக் கோளாறுக்கு ஒரு மெக்கானிக் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொன்னார். இன்னொருவர் முழு ஒயரிங்குக்கும் விலை பேசினார். கடைசியில் சரி செய்தது சில செம்பு லக்கும் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்) கொஞ்சம் ஒயரும்.

சாதாரணக் காரில் கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி இரும்பு பாடிதான், அந்த வழியைத்தான் எர்த் என்கிறோம். ஃபைபர் மின்சாரம் கடத்தாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் அடியில் இருக்கும் இரும்பு ஃபிரேம் வரை போயாக வேண்டும். அந்த முனை துருப்பிடித்தால், பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட் என்று இரண்டு இழை உள்ள 21/5 பல்பில் பிரேக் கரண்ட் இன்னொரு இழை வழியாகப் பார்க்கிங் சர்க்யூட்டுக்குள் நுழைந்துவிடும். அதுதான் அந்த மங்கல் வெளிச்சம்.

வேண்டியவை: மல்டிமீட்டர், 10 எம்எம் ஸ்பேனர், உப்புத்தாள், லக், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரைப் பிடிக்கும் உறை), வாசலின். மீட்டர் விலை குறைந்ததே போதும். லக்கை ஒயரோடு அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் கருவியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை, தெருவுக்கு ஒரு மோட்டார் வைண்டிங் கடை இருக்கிறது, கேட்டால் லக்கை அழுத்திக் கொடுப்பார்கள். சால்டர் வைக்க நான் ஒப்பமாட்டேன், அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில் ஒயர் ஒடியும். இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம், நம் ஊர் வெயிலுக்குப் பசை உருகி வழியும்.

இனி சோதனை. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. மீட்டரை 'பீப்' சத்தத்துக்கு வைத்து எர்த் ஒயரைத் தொடுவார்கள், பீப் வரும், "எர்த் நல்லா இருக்குங்க" என்று மூடிவிடுவார்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். சொட்டுநீர்க் குழாயில் வால்வை மூடி வைத்துப் பார்த்தால் அழுத்தம் சரியாகத்தான் காட்டும், திறந்தால்தான் அடைப்பு தெரியும். அதனால் விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டில், சிவப்பு முனை பின்விளக்கின் எர்த் டெர்மினலில். கறுப்பு முனை பின்னால் எட்டாது, நீளமான ஒயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலும் இதே சோதனையை ஸ்டார்ட்டர் சுற்றும்போது செய்யுங்கள், அங்கே அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

அப்புறம் வேலை சுலபம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் போல்ட்டைப் பிரித்து, ஃபிரேமில் பெயின்ட் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். புது லக், ஸ்டார் வாஷர், இறுக்கம். வாசலினை இறுக்கிய பிறகு மேலே தடவுங்கள். நெகட்டிவைத் திரும்ப மாட்டி இன்னொரு முறை அளங்கள்.

செலவைப் பற்றியும் பேசிவிடுகிறேன், கார் வாங்க நினைக்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால் 2025இல் அது 10,000 ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் க்ளெய்மில் ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் 50. பம்பர் உடைந்தால் நான் க்ளெய்முக்கே போவதில்லை. ஃபைபர் வேலை தெரிந்தவர் ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் வைத்து ஒட்டிவிடுவார்.

இவ்வளவு செலவழித்து என்ன கண்டாய் என்று வீட்டில் கேட்பார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். விடியலில் கூரையைக் கழற்றிவிட்டு இரண்டாவது கியரில் ஏறிப் பாருங்கள். குதிரைத்திறன் கம்மிதான். ஆனால் தரைக்கு ஒட்டி உட்கார்ந்திருப்பதால் 40 கிலோமீட்டர் வேகமே 80 மாதிரி இருக்கும், போலீஸும் பிடிக்கமாட்டார்கள். ஆடிக் காற்றில் மட்டும் பல்லடம், உடுமலைப் பக்கம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும், வண்டி எடை குறைவு.

பின்சேர்க்கை: எர்த் சரி செய்த பிறகும் இண்டிகேட்டர் வேகமாக அடிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். எல்.இ.டி. பல்பு மாட்டியிருப்பீர்கள். இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பழைய ஃப்ளாஷர் ரிலே 21 வாட் பல்புக்காகச் செய்தது, கரண்ட் குறைந்தால் பல்பு ஃபியூஸ் என்று நினைத்துக்கொள்ளும். எல்.இ.டி.க்கான ரிலேயாக மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய பல்பையே போடுங்கள். நான் பழைய பல்பு கட்சி.

இன்னொன்று: பெட்ரோல் பம்ப்பின் எர்த்தும் பல வண்டிகளில் பின்விளக்கு எர்த்தோடு ஒரே போல்ட்டில் இருக்கும். மேட்டில் எஞ்சின் இழுக்காமல் திணறினால் அதையும் அளந்து பார்த்துவிட்டு ஃபில்டர் வாங்கப் போங்கள்.