ஒனோமிச்சியில் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானின் ஹிரோஷிமா மாநிலத்தில், உள்கடலை ஒட்டிய சிறிய துறைமுக ஊர் ஒனோமிச்சி. முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான் இடம். அதனால் வீடுகளும் கோயில்களும் மலைச்சரிவில் ஏறிவிட்டன. கார் நுழைய முடியாத படிக்கட்டுச் சந்துகள்தான் இந்த ஊரின் அழகு.

1. புல்லட் ரயிலில் வருகிறவர்கள் ஃபுகுயாமாவில் இறங்கி, சான்யோ பாதையின் உள்ளூர் ரயிலில் மாறுங்கள். இருபது நிமிடம்தான். ஷின்-ஒனோமிச்சி என்றும் ஒரு புல்லட் ரயில் நிலையம் உண்டு. ஆனால் அது ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது.

2. நிலையத்திலிருந்து கூரை போட்ட கடைவீதி வழியாகக் கிழக்கே கால்மணி நேரம் நடந்தால் ரோப்வே வரும். மேலே போக மட்டும் சீட்டு வாங்குங்கள். இறங்குவது நடந்துதான். இதை மட்டும் தயவுசெய்து மாற்றிக்கொள்ளாதீர்கள்.

3. உச்சியிலிருந்து பார்த்தால், கடல் ஓர் ஆறு போல ஒடுங்கி, எதிரே முகாய்ஷிமா தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அப்புறம் பாறைகளுக்கு நடுவே, கவிதை வரிகள் செதுக்கிய கற்களைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். செங்கோஜி கோயில் வரும். 806இல் தோன்றியதாக மரபு. அங்கே உள்ள பெரும் பாறையின் உச்சியில் ஒரு ரத்தினக் கல் ஒளிவீசி, கப்பல்களுக்கு வழிகாட்டியதாம். துறைமுக ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறென்ன வேண்டும்!

இன்னும் கீழே தென்னெய்ஜி கோபுரம். 1388இல் ஐந்து அடுக்காகக் கட்டியது. 1692இல் மேலிரண்டு அடுக்கை எடுத்துவிட்டு மூன்றாக்கினார்கள். படம் எடுப்பதென்றால் கோபுரத்துக்கு மேலே உள்ள பாதையிலேயே நின்று எடுங்கள். பின்னணியில் கடலும் விழும். அதன் பக்கத்தில் 'பூனைச் சந்து'. கூழாங்கற்களில் வரைந்த பூனைகள் சுவரோரம் உட்கார்ந்திருக்கும், உயிருள்ளவையும் கண்ணில் படலாம். அவசரப்படாதீர்கள், இங்கே வழி தவறினாலும் கவலையில்லை. இறக்கத்திலேயே நடந்தால் கடைவீதிக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

4. மதியத்துக்கு ஒனோமிச்சி ராமென். சோயா சாஸ் சாறு, தட்டையான நூடுல்ஸ், மேலே மிதக்கும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள். பன்றி இறைச்சியோ அசைவமோ சாப்பிடாதவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

5. பிற்பகலில் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். இமாபரி வரை தீவுகளைப் பாலங்களால் கோக்கும் ஷிமனாமி கைதோ பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர். அரை நாளுக்கு அது வேண்டாம். சைக்கிளோடு படகேறினால் ஐந்து நிமிடத்தில் முகாய்ஷிமா. சாலையோர நீலக் கோடுதான் வழிகாட்டி. அடுத்த தீவான இன்னோஷிமாவுக்குப் போகும் பாலம் கண்ணில் படும்வரை ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். சைக்கிளைத் திருப்பித் தரவேண்டிய நேரத்தைக் கடையிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

6. திரும்பும் படகை இருட்டும் வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரைப் பார்த்தபடி முன்பக்கம் நில்லுங்கள். காலையில் நீங்கள் இறங்கி வந்த படிகளின் ஓரத்து வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியிருக்கும்.